ஐநூறில் பூஜ்ஜியம்

— தொறந்துட்டீங்களா மாமா?

— தொறக்காம எப்படி எடை போடறது மாப்ள?

— சுருட்ட யாராவது எடை போடுவாங்களா?

— முப்பத்தி நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளரா இருந்தவன் போடுவான். உப்பு, சிமெண்ட், தங்கம், ஒருதரம் உயிரோட ஒரு பன்னிக்குட்டி. எல்லாத்தையும் போட்டிருக்கேன். அது மட்டும்தான் தராசுல நிக்காம ஓடுச்சு.

— கண்ணாடிக் குழாய்ல மெழுகு சீல் இருந்துச்சே.

— இருந்துச்சு. இப்ப மேசை மேல பொடிப்பொடியா இருக்கு. நீங்க டீ போட உள்ள போனீங்க, நான் பேனாக்கத்திய எடுத்தேன். கோவப்படாதீங்க.

— கோவமில்ல. சீல் உடைஞ்சா கடைல திருப்பி எடுக்க மாட்டாங்க. திருப்பிக் குடுத்திடலாம்னு சொன்னதே நீங்கதான்.

— அது... ஆமா. கை அரிச்சிருச்சு. சரி, டீய அப்படி வைங்க. ஸ்டிக்கர்ல விலை என்ன போட்டிருக்கு?

— காலைலேர்ந்து நாலு தரம் வாசிச்சிட்டீங்க.

— அஞ்சாவது தரமும் அதே விலைதான். இந்த வீட்டுக்கு ரெண்டு மாச வாடகை. ஒத்தச் சுருட்டு! அதுவும் எம் பொண்ணு அலமாரில, ஸ்வெட்டருக்குப் பின்னாடி, பரிசுத் தாள் சுத்தி. பற்பசை வாங்கப் போனாலே ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மா வருமான்னு கேக்கறவ அவ.

— எனக்கும் அதான் புரியல.

— அவ போயி பத்து மாசம் ஆச்சு. இந்த அலமாரிய நீங்க ஒருதரம்கூடத் தொறக்கலையா?

— கைப்பிடி இறுகிப்போச்சு.

— நான் தொட்டதும் தொறந்துச்சே.

— உங்களுக்குத் தொறக்கும். ஆய்வாளர்னா கதவுங்களுக்கே ஒரு பயம்.

— பேச்ச மாத்தாதீங்க. இங்க பாருங்க. லேபிள்ல என்ன இருக்கு? நிகர எடை பதினாறு கிராம். என் தராசு என்ன சொல்லுது?

— முப்பத்தொண்ணு.

— ரெண்டு தரம் நான் வச்சுப் பாத்துட்டேன். மூணாவது தரம் பொருளுக்குச் சொந்தக்காரர் கையால வைக்கணும். அதான் முறை. வைங்க.

— நானா சொந்தக்காரன்?

— உங்களுக்குன்னு வாங்கினதுதானே. வைங்க, வைங்க. மேசையில கை படக்கூடாது.

— முப்பத்தொண்ணு.

— ஆச்சா. முப்பத்தி நாலு வருஷத்துல குறைஞ்ச எடை ஆயிரம் பாத்திருக்கேன் மாப்ள. புளிக்குள்ள கல்லு, தட்டுக்கு அடில காந்தம். ஆனா கூடின எடைய ஒருத்தன்கூடக் குடுத்ததில்ல. கூட இருக்குன்னா அந்தத் திருடன் நம்மள விட ஒருபடி மேல யோசிச்சிருக்கான்னு அர்த்தம்.

— ஈரப்பதமா இருக்கும் மாமா. நல்ல சுருட்டு காத்துல இருக்கற தண்ணிய இழுக்கும்.

— பதினாறு கிராம் சுருட்டு பதினஞ்சு கிராம் தண்ணி குடிக்குமா? அது சுருட்டா, ஒட்டகமா?

— உசத்தியான இலைன்னா குடிக்கும்.

— ஓ. சரி, நீங்க விவரம் தெரிஞ்சவர். பாப்பா போன்ல எப்பவும் சொல்லுவா, அவருக்கு சுருட்டுன்னா அத்துப்படி அப்பான்னு. மோந்து பாத்துச் சொல்லுங்க.

— ம்... பழைய மரம். நடுவுல கொஞ்சம் காபி. கடைசியா தோல்.

— எனக்கு பென்சில் பெட்டி வாசனைதான் வருது.

— மூக்கு பழகணும் மாமா.

— இருக்கும், இருக்கும். மூக்கடைப்பும் இருக்கு. இந்த விலை தகுமா, அதச் சொல்லுங்க.

— லிமிடெட் எடிஷன். உலகத்துலயே ஐநூறுதான் செஞ்சாங்க.

— அதனால?

— ஐநூத்தி ஒண்ணாவது ஆளுக்குக் கிடைக்காது.

— அப்ப சரக்குக்கு விலை இல்ல. கிடைக்காதவன் வயித்தெரிச்சலுக்கு விலை.

— கிட்டத்தட்ட.

— நம்பரப் பாத்தீங்களா? கழுத்துப் பட்டைல பொடி எழுத்துல. மூணு பூஜ்ஜியம், ஒரு கோடு, ஐநூறு.

— அதுதான் ரொம்ப அபூர்வம்.

— எப்படி?

— ஒண்ணாம் நம்பருக்கும் முன்னாடி சுத்தினது. முதலாளிக்குன்னு எடுத்து வைப்பாங்க. வெளில வரவே வராது.

— நெஜமாவா?

— இல்ல மாமா. இப்பத்தான் தோணுச்சு.

— தோணுச்சா? அவ்வளவு தெளிவா சொன்னீங்களே!

— எவ்வளவுக்குத் தெரியாதோ அவ்வளவுக்குத் தெளிவா சொல்லுவேன். எங்கிட்ட இருக்கற ஒரே திறமை அதான்.

— அப்ப ஈரப்பதம்?

— அதுவும் தோணினதுதான்.

— ஒட்டகம்னு நான் சொன்னப்பவே ஒத்துக்கிட்டிருக்கலாம்ல.

— எனக்கு சுருட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது மாமா.

— ஒண்ணுமேவா?

— வாழ்க்கைல ஒண்ணு பிடிச்சிருக்கேன். ஒண்ணுன்னு சொல்றதுகூட அதிகம். முக்கால் இஞ்ச்.

— எங்க?

— எங்க மேனேஜர் வீட்டு மொட்டை மாடில. கல்யாணமாகி நாலு மாசம். கம்பெனி விருந்து. மேனேஜர் ஒண்ண நீட்டினார். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். "ஆகா, இந்த வகை இங்க கிடைக்குதா?"ன்னேன்.

— ஏன்யா அப்படிச் சொன்னீங்க?

— வாய் என்னக் கேக்கறதில்ல. சிகரெட் மாதிரி உள்ள இழுத்துட்டேன். அத இழுக்கக் கூடாதாம், வாயோட விட்டுடணுமாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். மாடி மூலைல ஒரு பெரிய பூச்சட்டி. அதுக்குள்ள தலைய விட்டேன்.

— ஐயையோ.

— மத்தியானம் சாப்பிட்டது, முந்தின நாள் சாப்பிட்டது, எல்லாம். மண்ண அள்ளி மேல போட்டு மூடினேன். சுருட்டையும் அதுலயே நட்டேன். அடுத்த மாசம் அந்தச் செடி செத்துப்போச்சு. உரம் சரியில்லன்னு மேனேஜர் உரக் கம்பெனிக்குப் புகார் எழுதினார். இங்கிலீஷ்ல நான்தான் திருத்திக் குடுத்தேன்.

— சிரிக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. அப்ப பாப்பா எங்க இருந்தா?

— கண்ணாடிக் கதவுக்கு உள்ள. மத்த பொம்பளைங்களோட, முதுகு காட்டிட்டு. முகத்தக் கழுவிட்டு உள்ள போனேன். "எப்படி இருந்துச்சு?"ன்னா. பழைய மரம், காபி, தோல்னேன். பல் டாக்டர்கிட்ட காத்திருந்தப்ப ஒரு பத்திரிகைல படிச்சது.

— நம்பிட்டாளா?

— "ஓ"ன்னா. கைப்பைலேர்ந்து ஒரு புதினா மிட்டாய் எடுத்துக் குடுத்தா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆறு வருஷம் யார் வீட்டுக்கு வந்தாலும், "அவரக் கேளுங்க, அவருக்குத் தெரியும்"பா. கன்னத்துல கைய வச்சுட்டு எதிர்ல உக்காந்துப்பா. நானும் பேசுவேன். சுருட்டு, காபிக்கொட்டை, மலையேத்தம், கப்பல்...

— கப்பலுமா?

— ஒருதரம் கப்பலும். உங்க தம்பி வந்திருந்தார். அவர் கப்பல்ல வேல பாத்தவர்னு அப்புறம்தான் சொன்னாங்க.

— அவன் எங்கிட்ட வந்து, மாப்ளைக்குக் கப்பல் ஞானம் ஜாஸ்தி, எனக்கே தெரியாததெல்லாம் சொல்றார்ன்னான். நான் பெருமைப்பட்டேன்.

— அந்தப் பூச்சட்டி விஷயம் யாருக்கும் தெரியாது மாமா. யார்கிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டகூட. இன்னிக்கு உங்ககிட்டத்தான்.

— ஆனா ஒண்ணு மாப்ள. கண்ணாடிக் கடைல கண் பரிசோதனை பண்றதுதான் அவ வேலை. லைசென்ஸ் புதுப்பிக்க வர்ற டிரைவருங்க எல்லாம் அந்த எழுத்துப் பலகைய மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பாங்களாம். இவ கடைசி எழுத்துலேர்ந்து பின்னாடியா வாசிங்கம்பாளாம். திருதிருன்னு முழிப்பாங்களாம். அப்படிப்பட்டவளா உங்ககிட்ட ஏமாந்தா?

— அது கடைல. வீட்டுக்கு வந்தா கண்ணாடியக் கழட்டி வச்சிருவா. அந்தக் கண்ணாடியும் என்ன லட்சணம்? ஒரு கால் உடைஞ்சு டேப்பு ஒட்டியிருப்பா. அடுத்த மாசம் மாத்தறேன், அடுத்த மாசம் மாத்தறேன்னுட்டே இருந்தா. அந்த அடுத்த மாசம் எங்க போச்சுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. இந்தக் குழாய்க்குள்ள.

— அப்படியெல்லாம் முடிச்சுப் போடாதீங்க.

— பரிசுத் தாளுக்குள்ள ஒரு அட்டை இருந்துச்சே, பாத்தீங்களா?

— பொறந்த நாள் வாழ்த்துன்னு கிடந்துச்சு. உங்களுக்குன்னு எழுதினது, நான் படிக்கல.

— "நம் வீட்டு நிபுணருக்கு." அவ்வளவுதான் எழுதியிருக்கா. என் பொறந்த நாளுக்கு ஒம்பது நாள் இருக்கறப்ப போயிட்டா.

— மாப்ள, அவ அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னா. தப்பா எடுத்துக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— காலைல தலவலின்னா, சாயங்காலம் ஆள் இல்ல. நாங்கல்லாம் தரையில புரண்டோம். மாப்ள அழவே இல்லையே, ஃபேன் ரிப்பேர்காரர்கிட்ட பேசற மாதிரியே எல்லார்கிட்டயும் பேசறாரேன்னு கேக்கறா. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கு வரைக்கும் இல்ல.

— அழ வேண்டிய ஆள் நான் இல்ல மாமா.

— என்ன பேச்சு இது?

— அவ குடும்பம் நடத்தினது ஒரு நிபுணரோட. அந்த ஆள் இருந்திருந்தா அழுதிருப்பான். நான் அவனுக்குப் பதிலா கையெழுத்து போட வந்தவன். ஆஸ்பத்திரில போட்டேன், மயானத்துல போட்டேன். அழுகை அவன் டிபார்ட்மெண்ட். என்ன அவ பாத்ததே இல்ல மாமா. ஆறு வருஷத்துல ஒருதரம்கூட.

— மாப்ள...

— ரெண்டு மாச வாடகையக் குடுத்து, டேப்பு ஒட்டின கண்ணாடியோட போயி, இல்லாத ஒருத்தனுக்குப் பரிசு வாங்கியிருக்கா. நீங்க நிறுத்துப் பாத்து சொல்லுங்க. இந்த விலை தகுமா?

— டீ ஆறிப்போச்சு.

— ஆமா. அதக் குடுங்க.

— டீயா?

— சுருட்டு. கொளுத்தி இன்னிக்கே முடிச்சிடறேன். அவ காசு, வீணாப் போக வேண்டாம். முழுசா பிடிக்கிறேன். வாந்தி வந்தா வரட்டும்.

— இங்க பூச்சட்டி இல்லையே.

— பக்கெட் இருக்கு.

— ஹால்ல வேண்டாம். புகை பட்டா கத்துமே, நீங்க விக்கிற அந்தப் புகை மணி, ஹால்ல மட்டும் ரெண்டு மாட்டி வச்சிருக்கீங்க.

— வீடு முழுக்க அஞ்சு. புகை மணி விக்கிறவன் சுருட்டு நிபுணன். நீங்களாவது அன்னிக்கே சந்தேகப்பட்டிருக்கலாம். வாங்க, பால்கனிக்குப் போலாம்.

— தீப்பெட்டி?

— இருக்கு. மொதல்ல நுனிய வெட்டணும். உங்க பேனாக்கத்திய... என்ன இது, கத்தி இறங்கல.

— அழுத்துங்க.

— அழுத்தறேன். நல்லா பக்குவம் பண்ணின சுருட்டு இப்படித்தான் கெட்டியா...

— இதுவும் இப்பத் தோணினதா?

— ஆமா.

— நேரா கொளுத்துங்க. காத்து வருது, நான் கையால மறைச்சுக்கறேன். ம். பிடிச்சுது. பிடிச்சுது. இழுங்க!

— ஒண்ணும் வரல.

— இன்னொரு குச்சி. இழுங்க.

— காத்துகூட வரல மாமா. சுவர உறிஞ்சற மாதிரி இருக்கு.

— மேல இலை மட்டும் சுருண்டு கருகுது. இந்த வாசனை என்ன... பள்ளிக்கூடத்துல ஸ்கேல கொளுத்துவோமே, அது. இந்த ஆறாவது குச்சியும்... அடடா, உள்ள மணி அடிக்குது பாருங்க!

— கதவச் சாத்துங்க. இருங்க, நான் நிறுத்திட்டு வரேன்... ஆச்சு.

— இத்தனூண்டு புகைக்கே கத்துதே. உங்க சரக்கு நல்ல சரக்குதான் மாப்ள. இந்தச் சரக்குதான் மோசம். இங்க வாங்க. இத இப்படிக் கம்பில தட்டறேன், கேளுங்க.

— டொக்குன்னு கேக்குது.

— புகையிலை டொக்குன்னு சொல்லுமா? மேல ஒரு சுத்து இலை. உள்ள மரம்! கடைஞ்செடுத்த மரக்கட்டை! அதான் முப்பத்தொண்ணு!

— பழைய மரம்னு சொன்னேனே.

— சொன்னீங்க. மொத தடவையா ஒண்ண சரியா சொல்லியிருக்கீங்க. ஆனா எம் பொண்ண ஏமாத்தியிருக்கான் பாருங்க! ரெண்டு மாச வாடகைக்கு மரக்கட்டை! ஸ்டிக்கர்ல கடை போன் நம்பர் இருக்குல்ல? போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— விடுங்க மாமா.

— விடவா? ஒரு பொய் எடைக்கு என் கையால முத்திரை விழுந்ததில்ல. பொய்யும் என் வாயிலேர்ந்து விழுந்ததில்ல. எம் பொண்ணு விஷயத்துல விடுவேனா? போடுங்கன்னா!

— அடிக்குது. பேசுங்க.

— ஹலோ! சுருட்டுக் கடையா?

— ஆமா சார், வணக்கம், சொல்லுங்க.

— கடைக்காரர்கிட்ட குடும்மா.

— நான்தான் சார் கடைக்காரி. பன்னெண்டு வருஷமா நான்தான். சொல்லுங்க.

— நான் எடை அளவுத் துறை ஆய்வாளர் பேசறேன்.

— ஓய்வு பெற்ற.

— ஓய்வு பெற்ற ஆய்வாளர். உங்க கடைல என் பொண்ணுக்கு சுருட்டுன்னு சொல்லி மரக்கட்டைய வித்திருக்கீங்க. நிகர எடை பதினாறுன்னு எழுதி உள்ள முப்பத்தொண்ணு. பட்டைல மூணு பூஜ்ஜியம், கீழ ஐநூறு. சட்டப்படி இது என்ன தெரியுமா?

— மூணு பூஜ்ஜியமா? ஐய சாமி! கண்ணாடில டேப்பு ஒட்டியிருந்த மேடத்தோட அப்பாவா நீங்க?

— தெரியுமா அவள?

— மறக்க முடியுமா? சொல்றேன் கேளுங்க சார். அது அலமாரில பார்வைக்கு வைக்கிறது. நெஜத்த விளக்கு வெளிச்சத்துல வச்சா காஞ்சு உதிர்ந்துடும். அதனால கம்பெனியே ஒரு மரத்துண்டுக்கு இலை சுத்தி, சீல் வச்சு அனுப்பும். விக்கிறதுக்கில்ல, அதான் நம்பர் பூஜ்ஜியம். ஐநூறும் வித்துத் தீர்ந்தா தூக்கிப் போடணும். மேடம் அன்னிக்கு வந்தாங்க. எங்கிட்ட நெஜத்துல கடைசியா ஒண்ணு இருந்துச்சு, எடுத்து நீட்டினேன். இந்த விலைக்கு இது தகுமான்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— வியாபாரத்துல பொய் சொல்லலாம் சார், ஆனா அவங்க பாத்த பார்வைல வரல. தகாதுங்க, ஒரு மணி நேரத்துல சாம்பல்னேன். அப்ப அலமாரில இருக்கற அந்த மரத்தக் குடுங்க, எங்க வீட்ல நாப்பது வருஷம் ஓடும்னாங்க.

— மரம்னு தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான்.

— எவ்வளவு வாங்கின?

— காசா? ஒரு பைசா வாங்கல. எனக்குக் கண்ணு பாத்தாங்க சார். தள்ளி நிக்க வச்சு, எதிர் அலமாரில இருக்கற டப்பாங்க பேரையெல்லாம் வாசிங்கன்னாங்க. கடகடன்னு வாசிச்சேன். என்னத் திருப்பி நிக்க வச்சு ரெண்டு டப்பாவ இடம் மாத்திட்டு, மறுபடி வாசிங்கன்னாங்க. அதே வரிசைல ஒப்பிச்சிருக்கேன்! பன்னெண்டு வருஷ மனப்பாடம். மறுநாளே போயி கண்ணாடி போட்டேன். இப்பவும் போட்டுட்டுத்தான் பேசறேன்.

— அந்த விலை ஸ்டிக்கர்?

— கிழிக்கப் போனேன். கிழிக்காதீங்க, விலையப் பாத்தா அவர் தொடவே மாட்டார், பத்திரமா வச்சிருப்பார்னாங்க.

— பாத்தீங்களா மாமா. நெஜம் வாங்க முடியல. நிபுணர் பத்திரமா வச்சுப்பார்னு நம்பியிருக்கா.

— நீங்க சும்மா இருங்க. ஏம்மா, மரக்கட்டைய எதுக்கு ஒருத்தி புருஷனுக்குப் பரிசா குடுக்கணும்? நீ கேக்கலியா?

— கேட்டேன் சார். சொன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்புல வாசல்ல போனவங்க எட்டிப் பாத்தாங்க. ஆனா அத மட்டும் கேக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் புதுக் கண்ணாடி மேல சத்தியம் வாங்கியிருக்காங்க. மேடம் நல்லா இருக்காங்களா சார்? ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறீங்க, உங்க டேப்ப மாத்துங்கன்னு சொன்னேனே. மாத்திட்டாங்களா?

— ம்.

— கேக்குதா சார்?

— கேக்குது. நல்லா இருக்கா. மாத்திட்டா.

— மாமா...

— பக்கத்துல யாரு சார்?

— நான்தாங்க. அவங்க வீட்டுக்காரர்.

— யாரு... ஐய சாமி, பூச்சட்டி சாரா?